ஆறுக்கு ஆறு

"அய்யா, என் ரத்தம் ஏன் அக்காவுக்குச் சேரல?" என்று நீ என்னைக் கேட்டபோது உனக்குப் பதினைந்து வயது. மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரும் பேருந்து பரமக்குடியைத் தாண்டியிருந்தது. உன் அம்மா ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நீ நடுவில் உட்கார்ந்திருந்தாய். நான் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, உன் மடியில் இருந்த தகரப் பெட்டியின் பூட்டில் நுழைத்தேன். பாதி போய் நின்றது. "பாத்தியா? சாவியிலயும் குறையில்ல, பூட்டுலயும் குறையில்ல. இது அதுக்குச் செஞ்சதில்ல, அவ்வளவுதான். அவ ஓ பாசிட்டிவ், நீ பி பாசிட்டிவ்" என்றேன். நீ சாவியை வாங்கி நீயே இரண்டு மூன்று முறை நுழைத்துப் பார்த்தாய். திருப்பிப் போட்டும் பார்த்தாய். பிறகு சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா எழுந்துவிடக் கூடாது என்று சத்தம் வராமல் அழுதாய். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளையின் மனத்தில் ஒரே தடவையில் ஏறி, இத்தனை காலம் அழியாமல் நின்ற பாடம் எனக்கு அது ஒன்றுதான். அது பொய்.

உன் ரத்தம் சேர்ந்தது. முழுதாகச் சேர்ந்தது. அந்தத் தாள் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து நீ போனில், "எனக்கு மறுபடி எதுக்கு அய்யா டெஸ்ட்டு? அக்கா ஃபைல்ல என் ரிப்போர்ட் கெடக்கும்ல, அத எடுத்து டாக்டர்ட்ட காட்டுங்க. லீவு சொல்லிட்டேன், அடுத்த வாரம் வாரேன்" என்றாய். "தேடிப் பாக்குறேன்" என்றேன். தேட ஒன்றுமில்லை. பீரோவில் உன் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் பதினெட்டு வருடமாக ஒரே இடத்தில் இருந்தது. அதை மதுரை டாக்டர் கையில் கொடுத்தால், நீ பக்கத்தில் நிற்கும்போதே அவர் வாசித்துச் சொல்லிவிடுவார். அதனால் கூரியரில் இந்தக் கடிதத்தை முன்னே அனுப்புகிறேன். எனக்கு உன் எலும்பு மஜ்ஜையைக் கொடுக்க வருகிறாய். யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரிந்துகொண்டு கொடு, அல்லது கொடுக்காதே. படிக்காமல் மட்டும் பேருந்து ஏறாதே.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். "அக்காவுக்கு வந்த அதே கேன்சர்தானா அய்யா?" என்று கேட்டாய். பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னால் அவரை எந்த வண்டியில் ஏற்றுவாய்? தொண்டிக்கா, கடலாடிக்கா? கேன்சர் என்ற சொல்லும் அப்படித்தான். அது மாவட்டத்தின் பெயர். ஊர் தெரிந்தால்தான் வழி சொல்ல முடியும். கடலாடியில் உன் பெரியப்பா வயலில் நீ பார்த்த நாற்றங்காலை நினைத்துக்கொள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை அதுதான். அங்கே மூன்று வகை நாற்று முளைக்கிறது. சிவப்பணு மூச்சைச் சுமக்கும். வெள்ளையணு காவல் நிற்கும். தட்டணு ரத்தம் கசிந்தால் அடைக்கும். உன் அக்கா உமாவுக்கு அந்த நாற்றங்காலில் சீமைக் கருவேலம் முளைத்தது. அது பயிராகவும் ஆகாது, பயிரை முளைக்கவும் விடாது, நாலே வாரத்தில் பாத்தி முழுக்க நிறைந்துவிடும். அதற்கு அக்யூட் லுக்கேமியா என்று பெயர். அதிலும் இரண்டு வகை உண்டு. லிம்ஃபாய்டு என்பது சிறு பிள்ளைகளுக்கு அதிகம் வருவது, பெரும்பாலும் மருந்துக்கு அடங்குவது. மைலாய்டு என்பது மருந்துக்கு அடங்கினாற்போல் இருந்து, பல பேருக்குத் திரும்பி வருவது. உமாவுக்கு வந்தது இரண்டாவது. அதிலும் திரும்பி வரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்ன ரகம்.

எனக்கு வந்திருப்பது வேறு. இதில் களை இல்லை, நாற்றே கோணலாக முளைக்கிறது. முளைத்தது பாத்தியை விட்டு வெளியே வருமுன் சாகிறது. இதற்கு எம்.டி.எஸ். என்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இதே லுக்கேமியாவாக மாறும். எனக்கு அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதை வயது என்று நினைத்து எட்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை தின்றேன். உனக்கு அறிவியல் நடத்தியவன் செய்த காரியம் அது. நாற்றங்கால் முழுக்கக் காய்ந்துபோகும் நோய் ஒன்று உண்டு. அது புற்றே இல்லை, ஆனால் அதுவும் ஆளைக் கொல்லும். விதையிலேயே குறையோடு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வருவது தலசீமியா. நெறிக்கட்டிகளில் தொடங்குவது லிம்போமா. முதுகுவலி என்று வருடக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு அது மஜ்ஜையில் வரும் மைலோமா என்று பிறகு தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சிலவற்றுக்குத் தினம் ஒரு மாத்திரை போதும். சிலவற்றை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீ எனக்காக என்ன முடிவு எடுத்தாலும் சரி, நாளைக்கு உன் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால், நோயின் முழுப் பெயரையும் டாக்டர் கையால் எழுதி வாங்கு. அந்தத் தாளை நோயாளியின் கையில் கொடு. நான் கொடுக்கவில்லை.

உமாவின் முதல் சுற்று கீமோ முடிந்தபோது அவள் தலை தேங்காய் மாதிரி இருந்தது. "ஏலே, இங்கன வந்து தடவிப் பாருடா, ராசியான மண்டை" என்று உன்னைக் கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு இருபது வயது. களை அடங்கியிருந்தது. அந்த நேரத்தில்தான் டாக்டர் என்னையும் அம்மாவையும் மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். இளவயதுப் பெண் டாக்டர். வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது. மேசையில் ஒரு தாளை விரித்து, இடப்பக்கம் உமாவின் பெயருக்குக் கீழே ஆறு எண்கள், வலப்பக்கம் உன் பெயருக்குக் கீழே ஆறு எண்கள் இருப்பதைக் காட்டினார். தகப்பனிடமிருந்து மூன்று, தாயிடமிருந்து மூன்று. ஆறும் அப்படியே ஒத்து வந்தால் அந்தப் பிள்ளையின் மஜ்ஜையை எடுத்து இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ரத்த குரூப் வேறாக இருந்தாலும் தடையில்லை. "சார், கூடப் பிறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும். உங்களுக்கு இருக்கிறதே ஒரு பையன், அவனுக்கே அமைஞ்சிருக்கு" என்றார். அம்மா, "அவன என்ன செய்வீக?" என்று கேட்டாள். "மயக்க மருந்து குடுத்து, பின்பக்கம் இடுப்பு எலும்புல ஊசி போட்டு எடுப்போம்மா. ரெண்டு மூணு நாள் வலிக்கும். எடுத்தது நாலஞ்சு வாரத்துல திரும்ப ஊறிரும்."

"இடுப்புலயா?" என்றாள் அம்மா. "நாளைக்கு அவனுக்குப் பிள்ள குட்டி பிறக்கணும்ல?" டாக்டர் அவளைத் திருத்தவில்லை, என்னைப் பார்த்தார். "சார், நீங்க சயின்ஸ் டீச்சர்தானே? நீங்க சொன்னா அம்மாவுக்குப் புரியும்." உனக்குப் பதினெட்டு ஆகாததால் பெற்றோர் கையொப்பம் வேண்டியிருந்தது. படிவத்தை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத் தந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்றேன்.

வெளியே வராந்தாவில் குடிநீர்க் குழாயடியில் அம்மா என் சட்டையைப் பிடித்தாள். "எனக்கு இருக்கிறது ஒத்த ஆம்பளப் பிள்ள. அவ என்னைக்கு இருந்தாலும் இன்னொரு வீட்டுக்குப் போறவ. நாளைக்கு நமக்குக் கொள்ளி வைக்கிறது யாரு? ரெண்டையும் பறிகுடுத்துட்டு நிக்கச் சொல்றீகளா என்னய?" என்றாள். பத்து நிமிடத்தில் அவள் பயத்தை நான் போக்கியிருக்கலாம். மஜ்ஜைக்கும் பிள்ளை பிறப்பதற்கும் சம்பந்தமில்லை என்று படம் போட்டே விளக்கியிருக்கலாம்; வருடா வருடம் கரும்பலகையில் போட்ட படம்தான். உன் அம்மா எட்டாவது வரைதான் படித்தவள், ஆனால் நான் சொன்னால் கேட்பவள். நான் சொல்லவில்லை. உன் பாட்டுக்கு நீ அப்போது வெளியே மரத்தடியில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். அந்த இடுப்பில் ஊசி இறங்குவதை நினைத்தேன், மயக்கம் தெளியாமல் போனால் என்று நினைத்தேன். அப்படி ஆவது எத்தனை அரிது என்றும் எனக்குத் தெரியும். தெரிந்த எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அவளுடைய அறியாமைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், நோய் உனக்கு வந்து, ஒத்துப்போனது உமாவாக இருந்திருந்தால், அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். அம்மாவும் தடுத்திருக்க மாட்டாள். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் பெண் என்பதுதான் காரணம். வகுப்பில் ஆணும் பெண்ணும் சமம் என்று எத்தனை தடவை எழுதிப்போட்டிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் தனியாகப் போனேன். "பையன்ட்ட எடுக்க வேண்டாம். மருந்தே தொடரலாம். பிள்ளைங்க ரெண்டு பேருட்டயும் சேரலன்னு சொல்லிருங்க." அவர் பேனாவை மூடி வைத்தார். "இந்த வகைக்கு மருந்து மட்டும் பத்தாதுன்னு சொல்லியிருக்கேன் சார்." "தெரியும்." "பொய் சொல்ல மாட்டேன். நானாப் போய்ச் சொல்லலன்னு வேணா இருக்கலாம். அவங்க வாயத் திறந்து கேட்டா மறைக்க மாட்டேன்." தலையாட்டிவிட்டு வந்தேன். உமா கேட்டுவிடுவாளோ என்று தினமும் பயந்தேன். அவள் கேட்கவே இல்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பவள், இதை மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அப்போது எனக்கு யோசனை போகவில்லை. நிம்மதியாக இருந்தது.

சேரவில்லை என்று நான் சொன்ன பிறகு அடுத்த தடவை மதுரை மருத்துவமனைக்கு வந்தபோது நீ அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினாய். அவள் என்ன சொன்னாள் என்று உனக்கு மறந்திருக்காது. "ஏலே, அழாதடா லூசு. ஒன் ரத்தம் யாருக்குடா வேணும்? அத ஏத்துனா நானும் கணக்குல முப்பத்தஞ்சு வாங்கவா?" நீ அழுதுகொண்டே சிரித்தாய். அவள் உன் காதைப் பிடித்துத் திருகி, "சாவி பூட்டுன்னு அய்யா சொன்னாகளாமே. சரியாத்தான சொல்லியிருப்பாக, வாத்தியாருல்ல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சுற்றுக்கும் மூன்றாவது சுற்றுக்கும் நடுவே அவளைத் தேவிபட்டினம் கூட்டிப்போனோம். கிரக தோஷம் என்று யாரோ சொல்லி, கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றினால் நல்லது என்று அம்மா நேர்ந்திருந்தாள். நான் பதினோரு வருடம் வேலை பார்த்த ஊர். என்னிடம் படித்தவர்கள் "வாங்க சார்" என்று வழிவிட்டார்கள். வெள்ளையணு குறைவாக இருக்கிறது, கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு என் பையில்தான் இருந்தது. முழங்கால் தண்ணீரில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். நாலாவது கல்லுக்கு வந்ததும், "அய்யா, ஒம்பது கல்லையும் சுத்துனா எலும்புல மஜ்ஜை ஊறும்னு எந்தப் பாடத்துல வருது? நீங்க எனக்கு நடத்தவே இல்லையே" என்றாள். "பேசாம வா" என்றேன். "பேசாமத்தான் வாரேன் அய்யா" என்றாள். மஜ்ஜை தானே ஊறும் என்று டாக்டர் சொன்னது என் காதில் கேட்டது. ஊறுகிற ஒன்றைக் கொடுக்க மனமில்லாமல், அவளைக் கல்லைச் சுற்ற வைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. அது அடங்கியது. அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனையில் களை திரும்பியிருந்தது.

அப்போது ஓடினேன். டாக்டர் முன்னால் நின்று, "இப்ப எடுத்துக்கங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்பக் கேட்டேன்ல சார்" என்றார். களை அடங்கியிருக்கும்போதுதான் மஜ்ஜையை மாற்ற வேண்டும், மறுபடி அடக்கிப் பார்ப்போம் என்று மருந்தைக் கூட்டினார். அது அடங்கவில்லை. நுரையீரலில் கிருமி ஏறியது. பத்தொன்பது நாள் இருந்தாள். சுடுகாட்டில் கொள்ளிக்கட்டையை என் கையில் கொடுத்தார்கள். என்னால் முடியவில்லை என்று உன்னிடம் நீட்டினேன். எங்களுக்குக் கொள்ளி வைப்பதற்காக எந்தக் கையைக் காப்பாற்றி வைத்தோமோ, அந்தக் கை முதலில் அவளுக்குத்தான் வைத்தது. பதினைந்து வயதில் அதை நீ செய்தாய். வீட்டுக்கு வந்து, "என் ரத்தம் மட்டும் சேந்திருந்தா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்கச் சொன்னேன்.

இந்தப் பதினெட்டு வருடத்தில் சொல்வதற்கு இடம் வராமல் இல்லை. உன் கல்யாணம் முடிந்து ஒரு வருடம் கழித்து உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, உன் மனைவி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு உன் ரத்ததான அட்டையை எடுத்துக் காட்டினாள். "மூணு மாசத்துக்கு ஒருக்கா தவறாமக் குடுத்துருறாக மாமா. ஏன் இப்படின்னு கேட்டா, 'ஒருத்திக்குச் சேரல, மத்தவங்களுக்காவது சேரட்டும்'ங்கிறாக" என்றாள். அட்டையில் இடமில்லாமல் பின்பக்கமும் முத்திரை குத்தியிருந்தது. நான் காப்பி நன்றாக இருக்கிறது என்றேன். உன் அம்மா சாவதற்கு முன் ஒரே ஒரு தடவை இதைப் பற்றிப் பேசினாள். "அவன்ட்ட சொல்லிறாதீக. என்னய அம்மான்னு கூப்பிட மாட்டான்" என்றாள். அவள்மேல் பழி போட்டு நான் தப்பித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல.

இப்போது என் சமாச்சாரம். டாக்டர் மூன்று வழி சொல்லியிருக்கிறார். ரத்தம் குறையும்போதெல்லாம் ஏற்றிக்கொண்டு இருக்கிறவரை இருப்பது ஒன்று. மாதத்தில் ஏழு நாள் வயிற்றுத் தோலில் ஊசி போட்டு, கோணல் நாற்றை மட்டுப்படுத்துவது இரண்டு. அது வேலை செய்தால் நாளைத் தள்ளிப்போடும், வேரை எடுக்காது. மூன்றாவது மஜ்ஜை மாற்று. என் வயதுக்கு அது கரடுமுரடான வழி, உள்ளே போகிறவர் எல்லாரும் வெளியே வருவதில்லை, வந்தவர்களிலும் புது மஜ்ஜை உடம்போடு சண்டை போட்டுத் தோலும் குடலும் புண்ணாகிக் கஷ்டப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் நோயை வேரோடு எடுக்கக்கூடியது அது ஒன்றுதான். பெற்ற பிள்ளைக்குத் தகப்பனோடு பாதியாவது ஒத்துத்தான் இருக்கும். ஆறில் மூன்று நான் கொடுத்தது. அந்தக் காலத்தில் பாதி போதாது என்பார்கள், இப்போது பாதியை வைத்தும் செய்கிறார்கள். உனக்கு இடுப்பில் ஊசிகூட வேண்டியிருக்காது. நாலைந்து நாள் ஒரு மருந்து போட்டு, கையிலிருந்து ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் பிரித்துக்கொள்வார்கள். மஜ்ஜை கொடுக்க முன்வந்தவர்கள் பதிவு செய்து வைத்திருக்கும் பட்டியலில் வேறு யாராவது ஒத்து வருகிறார்களா என்றும் தேடச் சொல்லியிருக்கிறேன். அதனால் நீதான் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை.

இவ்வளவு எழுதிவிட்டு, எனக்கு எதுவும் வேண்டாம், நான் போகிறேன் என்று முடித்தால் உனக்கு அழகாகத் தோன்றும். அதுவும் பொய்யாக இருக்கும். எனக்கு வாழ ஆசையாக இருக்கிறது. இந்த வயதில், இத்தனைக்குப் பிறகும், காலையில் எழுந்ததும் இன்றைக்கு ஹீமோகுளோபின் எத்தனை என்றுதான் நினைக்கிறேன். உமாவுக்கு இருபது வயது. அவளுக்கு எத்தனை ஆசை இருந்திருக்கும் என்று கூட்டிப் பார்க்க எனக்கு என் நோய் வரவேண்டியிருந்தது. உன்னிடமிருந்து எடுத்து அவளுக்குக் கொடுக்க மறுத்ததை, இப்போது எனக்குக் கேட்டு நிற்கிறேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் நிற்க முடியுமா என்று நீ கேட்டால் என்னிடம் எடுத்துக்காட்டு இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது எனக்கே முந்தாநாள்தான் தெரியும். உனக்கு நினைவிருக்கும், நான் பரீட்சைத் தாள் திருத்தும்போது உமா என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். "பொருத்துக" பகுதியை மட்டும் அவளிடம் விடுவேன். பிள்ளைகள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் கோடு போட்டிருப்பார்கள். அவள் சரிபார்த்து மதிப்பெண் போடுவாள். முழு மதிப்பெண் வாங்கிய தாளில் நான் எழுதும் வரியை என் கையெழுத்தைப் போலவே அவளும் எழுதுவாள். உனக்கே ஒருமுறை அப்படி எழுதி ஏமாற்றியிருக்கிறாள். நீ கேட்டபடி அந்தத் தாளை எடுப்பதற்காக ஃபைலைத் திறந்தேன். அவள் செத்த பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை. மருத்துவமனையில் அது, நான் கையெழுத்துப் போடாத படிவத்தோடு, எப்போதும் அவள் கட்டிலுக்குக் கீழே பையில்தான் இருந்தது. அதில் ஆங்கிலத்தில் இருப்பது அவளுக்குப் புரியாது என்று நான் நினைத்திருந்தேன், கல்லூரியில் இரண்டாம் வருடம் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த பெண்ணை.

எண்களுக்கு நடுவே பென்சில் கோடுகள். அவள் பெயருக்குக் கீழே இருந்த முதல் எண்ணிலிருந்து உன் பெயருக்குக் கீழே இருந்த அதே எண்ணுக்கு ஒன்று. அடுத்ததற்கு ஒன்று. அளவுகோல் வைத்துப் போட்டிருக்கிறாள், கோணவே இல்லை. ஆறு கோடு. கீழே வட்டம் போட்டு 6/6. அதற்கும் கீழே என் கையெழுத்தில், அதாவது என் கையெழுத்தைப் போல அவள் எழுதும் கையெழுத்தில், "மிக நன்று. பெற்றோர் கையொப்பம் பெற்று வரவும்." அதன் பக்கத்தில் கையொப்பத்துக்கு இடம்விட்டு ஒரு கோடு போட்டு, டாக்டர் எனக்குப் போட்டுத் தந்த மாதிரியே ஒரு சின்னப் பெருக்கல் குறி.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உன் காதைத் திருகியபோதும், கடலுக்குள் நாலாவது கல்லருகில் நின்றபோதும் தெரிந்திருக்கிறது. டாக்டரிடம் அவள் ஏன் கேட்கவில்லை என்றும் இப்போது புரிகிறது. கேட்டிருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். நீ பதினைந்து வயதில் எங்களை எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாய், தோற்றும் போயிருப்பாய். அதை உனக்குக் கொடுக்க அவள் விரும்பவில்லை. எனக்கு மட்டும் எழுதிவைத்துவிட்டுப் போனாள். நான் என்றைக்காவது திறப்பேன் என்று நினைத்திருப்பாள். திறக்கப் பதினெட்டு வருடம் ஆயிற்று. அந்தக் கோட்டின் மேல் இடம் காலியாகவே இருக்கிறது. இப்போது போடலாம் என்று நேற்றுப் பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன் மனைவிக்கு, ரத்ததான முகாமில் இருக்கும் உன் நண்பர்களுக்கு, வீட்டில் இப்படி ஒரு தாளை ஒளித்து வைத்திருக்கும் எந்தத் தகப்பனுக்கும். நீ வருவாயா, கையை நீட்டுவாயா, இனி என்னை அய்யா என்று கூப்பிடுவாயா என்று நான் கேட்கப்போவதில்லை. அதற்கு முன் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கவரில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். மடித்து ஒட்டியிருப்பது உமாவின் தாள், அதை இப்போது பிரிக்காதே. மற்றது அதிலிருந்து எண்களை மட்டும் என் கையால் பார்த்து எழுதியது; இடப்பக்கம் உன் அக்காவினுடையது, வலப்பக்கம் உன்னுடையது. யார் சொல்வதையும், முக்கியமாக நான் சொல்வதை, நம்பாமல் ஒரு பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு உட்கார். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, நீயே கோடு போடு.